இருபதுக்கு இருபது

இலக்கண டீச்சர் என்றால் பள்ளிக்கூடமே நடுங்கும். உவமை எது, உருவகம் எது என்று முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் மண்டையில் ஏற்றியவர். அவர் வாயை அடைக்கத் தெரிந்த ஒரே ஆள் அவருடைய வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர். "உள்ள போங்கய்யா, பஸ்சு என்ன உங்களைக் கடிச்சா திங்கப் போகுது?" என்று அவர் குரல் கொடுத்தால் படியில் தொங்குகிறவன்கூடச் சிரித்துக்கொண்டே நகர்வான். வீட்டிலும் அதே வாய்தான். டீச்சர் உர்ரென்று இருந்தால், "இன்னைக்கு அடுப்பு எதுக்கு? உன் மூஞ்சியிலயே தண்ணி காய வச்சிடலாம்" என்பார். அப்புறம் கோபம் எங்கே நிற்கும்?

அந்த மனுஷனைப் பக்கவாதம் சாய்த்துவிட்டது. நாலு மாதத்தில் கை வந்தது, கால் வந்தது, பேச்சும் வந்தது. கேலி மட்டும் வரவில்லை. "பசி உயிர் போகுது" என்று டீச்சர் சொன்னால், பாவம், முகம் வெளுத்து, "டாக்டரைக் கூப்பிடவா?" என்று எழுந்துவிடுவார். ஆள் பக்கத்திலேயே இருந்தும் டீச்சருக்குப் பேச்சுத்துணை இல்லாமல் போயிற்று.

"மெதுவா வரும்மா, விடாம கூட்டிட்டு வாங்க" என்றாள் ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண். மாதம் ஒருமுறை அவள் ஒரே தாளை எடுத்து நீட்டுவாள். கேலியும் உவமையுமாக இருபது வாக்கியங்கள். சொன்னவர் மனதில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டும். முதல் தடவை கண்டக்டர் வாங்கியது மூன்று.

மூன்றா! டீச்சருக்கு மானமே போயிற்று. இருபதையும் மனதில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் பிடித்தார் பாருங்கள் ஒரு பிடி!

"'மாதிரி', 'போல' வந்தா?"

"உவமை."

"'அவன் மனசு கல்லு'ன்னா?"

"உருவகம். இரக்கம் இல்லாதவன்."

காலையும் மாலையும் உருப்போட்டதில், அடுத்த மாதம் இருபதுக்கு இருபது. டீச்சர் பூரித்துப்போனார்.

"அடேயப்பா, நல்லாத் தேறிட்டாரும்மா!" என்றாள் பயிற்சிப் பெண். "இனி வர வேண்டாம். இவர் நேரத்தை இன்னொருத்தருக்குக் குடுத்துடறேன். ரொம்ப நாளாக் காத்திருக்காங்க."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. காப்பியடித்த பிள்ளைகள் எத்தனை பேரை வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பார்! தன் திருட்டைச் சொல்ல மட்டும் நாக்கு எழவில்லை. "ரொம்ப நன்றிம்மா" என்று எழுந்து வந்துவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தப்புப் பண்ணிட்டேங்க. உங்களைக் குணமாக விடாம நானே கெடுத்துட்டேன். நெஞ்சுல நெருப்பை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்குங்க."

கண்டக்டர் இந்தத் தடவை பதறவில்லை. கவனமாகக் கேட்டார். கொஞ்சம் யோசித்தார்.

"உவமை" என்றார். சொல்லிவிட்டு, சரியா தப்பா என்று மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிதாங்க" என்றார் டீச்சர்.