இடியாப்பக் கொட்டகை இடம் மாறிய நாள்

மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அது. மலாக்கா, காஜா பேராங்கில் ஒரு பழைய பலகை வீட்டை வாங்கிக் குடிபோயிருந்தோம். அதுவரை புக்கிட் பாருவில் வாடகைக்கு இருந்தோம். என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் டிரெஸர் வேலை. காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து ஊசி போடுவது வரை எல்லாம் அவர்தான். சொந்த வீடு என்று வந்ததில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

கூடவே ஒரு கவலையும் இருந்தது. என் மாமனாருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. குளிக்கும் இடமும் கழிப்பறையும் கொல்லைக் கோடியில். என் கணவர் வீட்டில் இருந்தால் தூக்கிக்கொண்டு போவார். அவர் வேலைக்குப் போய்விட்டால் நான்தான் தோள் கொடுத்து நடத்திப் போகவேண்டும். ஒருநாள் மழைச் சேற்றில் இருவரும் வழுக்கி விழுந்தோம். அடியொன்றும் பெரிதாக இல்லை. ஆனால் மருமகள் தன்னைத் தூக்கி நிறுத்த வேண்டியிருக்கிறதே என்று அந்த மனிதர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். சமையலறையை ஒட்டி ஒரு குளியலறை கட்டியே தீருவது என்று என் கணவர் அன்றைக்கே முடிவு செய்தார்.

அதற்கு இருந்த இடம் ஒன்றுதான். அங்கே பக்கத்து வீட்டுக் கொட்டகை நின்றது.

பக்கத்து வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம் வாடகைக்கு இருந்தது. ரப்பர் எஸ்டேட்டைத் துண்டு போட்டு விற்றபோது வேலை போய் டவுனுக்கு வந்தவர்கள். கணவன் லோரியில் மூட்டை ஏற்றி இறக்குபவர். மனைவி அந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகையில் விடியற்காலையில் இடியாப்பம் அவித்து விற்பாள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று தெருவே அதற்குக் காத்திருக்கும். மூன்று பிள்ளைகள் அதில்தான் வளர்ந்தார்கள்.

கொட்டகை எங்கள் நிலத்தில் நிற்கிறதோ என்று என் கணவருக்குச் சந்தேகம். எல்லைக்கல்லைத் தேடிக் கொல்லையெல்லாம் குனிந்து நடந்தார். அப்போது அந்த லோரிக்காரர் வந்து, கொட்டகைக்குள் அடுக்கியிருந்த விறகை அவராகவே எடுத்துப் போட்டார்.

"இங்க ஒரு கல்லு இருக்குங்க டிரெஸர் ஐயா. இதுவான்னு பாருங்க."

அதேதான். கொட்டகையில் பாதிக்கு மேல் எங்கள் நிலத்தில் இருந்தது.

"அப்போ கொட்டகையை எடுத்துடுங்க" என்றார் என் கணவர்.

லோரிக்காரர் தலையைச் சொறிந்தார். "நாங்க செவா வீட்டுல வாடகைக்கு இருக்கிறவங்க ஐயா. வீட்டுக்காரம்மா சொல்லாம ஒரு ஆணியைக்கூட நாங்க தொட முடியாது."

இதை என் கணவர் சாக்கு என்று எடுத்துக்கொண்டார். கல்லைக் காட்டத் தெரிந்தவருக்குக் கொட்டகையை எடுக்க மட்டும் தெரியவில்லையா என்று குரலை உயர்த்தினார். அவரும் ஏதோ திருப்பிச் சொன்னார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. விடிந்தால் வேலிக்கு மேல் நீண்டு வரும் இடியாப்பத் தட்டும் நின்றுபோனது. மாமனார்தான் பாவம், தினமும் கண்ணால் அந்தப் பக்கம் தேடுவார்.

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி, மலாக்காவிலேயே பண்டார் ஹிலிரில் இருந்த ஒரு நியோன்யா அம்மாள்; மலாய் பேசும் பழைய சீனக் குடும்பத்து விதவை. வருகிற லீவு நாளில் நேரே அவரிடம் போய்ப் பேசிவிடுவது என்று என் கணவர் முடிவு செய்தார். அது எப்படியோ பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் மத்தியானம் லோரிக்காரரின் மனைவி எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். மாவு அப்பிய கையைக்கூடக் கழுவவில்லை.

"அக்கா, நியோன்யாகிட்ட போகாதீங்கக்கா. அவங்க மருமகன் எங்களை எப்படா கிளப்பலாம்னு பார்த்துக்கிட்டு இருக்கான். அந்தக் கொட்டகை அவங்க புருஷன் பெரிய தவுக்கே உயிரோட இருக்கிறப்போ அவருகிட்ட கேட்டுக் கட்டுனது. அவரே கையைக் காட்டுன இடம்க்கா. இப்போ அவரு இல்ல, நாங்க சொன்னா யாரு நம்புவா?"

உள்ளே மாமனார் இருமுவது கேட்டது. அவருக்குக் குளியலறை வேண்டும்; இவளுக்கு அடுப்பு வேண்டும். இரண்டுக்கும் இருப்பது ஒரே இடம். "நானும் கூடப் போறேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் திரிஷா என்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் போகும்போது அவள் சொன்னதை என் கணவரிடம் சொன்னேன். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஏங்க, பொய் சொல்ற ஆளா இருந்தா விறகை எடுத்துப் போட்டுக் கல்லை ஏன் காட்டணும்?" என்று கேட்டேன்.

நியோன்யா அம்மாள் எங்களை மரியாதையாக உட்காரவைத்தார். என் கணவர் மலாயில் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் அவர் முகம் இறுகிவிட்டது.

"என்னைக் கேட்காமல் கட்டினார்களா? மருமகன் சொன்னது சரிதான். இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிடுகிறேன். கொட்டகையும் போகும். உங்களுக்கும் தொந்தரவு இருக்காது."

நாங்கள் கேட்டு வந்ததைவிட அதிகமாகவே கிடைத்துவிட்டது. என் கணவர் தலையை ஆட்டினால் போதும். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் மெதுவாகச் சொன்னார்:

"வேண்டாம் அம்மா. இடத்தைக் காட்டியது உங்கள் கணவராம். நான் எல்லைக்கல்லைத் தேடியபோது அதைக் காட்டிக் கொடுத்ததே அந்த மனிதர்தான். அவரைத் துரத்திவிட்டு அங்கே குளியலறை கட்டினால், என் அப்பாவை நான் எந்த மனதோடு குளிப்பாட்டுவது? கொட்டகை உங்கள் நிலத்துக்குள் தள்ளி நிற்க ஒரு வார்த்தை சொல்லுங்கள். அது போதும்."

"அவர் எதையுமே என்னிடம் சொன்னதில்லை" என்றார் அந்த அம்மாள். கோபம் போய் வேறு ஏதோ அந்தக் குரலில் வந்திருந்தது. "போகும்போதும் சொல்லவில்லை." தோளில் கிடந்த கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "சரி. இந்தத் தடவை நானே வந்து இடம் காட்டுகிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குடையும் கெபாயாச் சட்டையுமாகச் சொன்னபடி வந்து இறங்கினார். கொட்டகையைப் பிரித்துக் கட்ட எப்படியும் சில நாளாகும், அதுவரை வியாபாரம் நிற்குமே என்று பக்கத்து வீட்டுக்காரர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மலாய்க்காரர் சிரித்தார். "எதற்குப் பிரிக்க வேண்டும்? அப்படியே தூக்கிவிடுவோம். எங்கள் கம்போங் கிராமத்தில் வீட்டையே தூக்குவோம்!"

கால்களைச் சுற்றி மூங்கிலைக் கட்டினார்கள். தெருவில் இருந்த ஆண்களெல்லாம் வந்து தோள் கொடுத்தார்கள். என் கணவரும் லோரிக்காரரும் ஒரே மூங்கிலில், ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். சண்டைக்குப் பிறகு இருவரும் அவ்வளவு பக்கத்தில் நின்றது அப்போதுதான். "சத்து, டுவா, தீகா!" என்று மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிய சத்தத்தோடு கொட்டகை தரையை விட்டு எழும்பியது. அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நடுவழியில் ஒரு பக்கம் சாய்ந்தபோது, "ஐயா, என் தோள்ல சாய்ச்சிடுங்க, நான் மூட்டை தூக்கிப் பழகுனவன்" என்றார் லோரிக்காரர். நியோன்யா அம்மாள் குடையை நீட்டி, "இங்கே, இன்னும் கொஞ்சம், அங்கே" என்று அதிகாரம் செய்தார்.

கொட்டகை நின்ற கையோடு அந்தப் பெண் அடுப்பு மூட்டினாள். முதல் ஈடு இடியாப்பம் வாழையிலையில், தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி நியோன்யாவுக்கு. இரண்டாவது என் மாமனாருக்கு. பின்வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்திருந்தோம். ஒரு பக்க வாயால் அவர் சாப்பிட்ட சாப்பாட்டை நான் இன்னும் மறக்கவில்லை.

குளியலறைக்குச் சிமெண்டு குழைத்தவரே அந்த லோரிக்காரர்தான். கூலி வாங்க மறுத்துவிட்டார். மாமனார் இரண்டு வருஷம் சௌகரியமாக அங்கே குளித்தார். அவர் இறந்தபோது பாடை தூக்கிய நால்வரில் ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர்.

என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கும் எங்கேயாவது இரண்டு பேர் உட்கார்ந்து மூன்றாவது ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிப்பதைக் கேட்க நேர்ந்தால், அந்த அறையில் இல்லாதவருக்காக ஒரு குரல் எழாதா என்று என் மனம் காத்திருக்கும். யாரும் பேசாவிட்டால், இந்த வயதிலும் நான் பேசிவிடுகிறேன்.