மூக்கண்ணனும் ஒரு ரப்பர் குழாயும்

எழுபத்தொரு நாட்களாக அவருக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பட்டறையில் அவருக்குப் பெயரே மூக்கண்ணன். பெட்ரோல் கசிவா, கிளட்ச் கருகலா, ஒயர் உருகலா, பானெட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார். இருபத்தாறு வருடத்துப் பெயர். அதனால் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அடுப்பில் பால் தீய்ந்த அன்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவரை மனைவி கேட்டாள்: "மூக்கை எங்க அடகு வெச்சீங்க?" சிரித்துச் சமாளித்தார்.

போன வாரம் ஒரு டீச்சர் வந்து, காருக்குள் பெட்ரோல் வாடை என்றார். மூக்கண்ணன் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். முள் சரியாகவே நின்றது. பிறகு, பெட்ரோல் அழுத்தத்தைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரிலிருந்து மெல்லிய ரப்பர் குழாயைப் பிடுங்கி முகர்ந்தார். அதில் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். பெட்ரோல் வாடை அடித்தால், உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது. வாடை இல்லை என்று அனுப்பிவிட்டார்.

இன்று காலை டீச்சர் மறுபடி வந்து நின்றார்.

"அண்ணே, பையன் நேத்து கார்லயே வாந்தி எடுத்துட்டான். ஒண்ணுமில்லன்னு சொன்னீங்களே?"

"பாத்துருவோம்மா." கேஜை மறுபடி மாட்டினார்.

இன்ஜின் ஓடியது. முள் இரண்டரையில். குழாயைப் பிடுங்கியதும் மூன்றுக்கு ஏறியது, ஏற வேண்டியதுதான். இன்ஜினை அணைத்தார். இப்போது முள் அசையக் கூடாது. அது நூல் நூலாக இறங்கியது. சவ்வு கிழிந்திருக்கலாம், பம்பின் கோளாறாகவும் இருக்கலாம். தீர்ப்பு குழாயிடம்தான்.

பட்டறை முதலாளி வெளியே வந்தார்; மூக்கண்ணன் மனைவியின் அண்ணன்தான் அவர். "என்ன மாப்ள, கேஜை முறைச்சுக்கிட்டு நிக்கற? ஒரு மோப்பம் புடிச்சா முடிஞ்சுது!"

குழாய் நுனியை மூக்கில் வைத்தார். ஒன்றுமில்லை. பெட்ரோலா, வெறும் காற்றா, கடவுளுக்கே வெளிச்சம். பின் சீட்டில் பையனின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. போன வாரமும் இதே 'ஒன்றுமில்லை'யை நம்பித்தான் அவனை அதில் ஏற்றி அனுப்பினார்.

குழாயை நீட்டினார். "மச்சான், நீயே மோந்து சொல்லு."

"ஏன், உன் மூக்குக்கு இன்னைக்கு லீவா?"

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. எதுவுமே தெரியல."

மச்சான் சிரித்துக்கொண்டே குனிந்தார். முகம் மாறியது. "குப்புன்னு அடிக்குதே மாப்ள! இந்த வண்டி தீப்புடிச்சிருந்தா?"

மூக்கண்ணன் டீச்சரிடம் திரும்பினார். "தப்பு என் மேலதாம்மா. வண்டிய இங்கேயே விட்டுடுங்க."

டீச்சர் பின் கதவைத் திறந்தார். செருப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

புது ரெகுலேட்டர் வியாழக்கிழமை வருகிறது. மச்சான் வேலைச் சீட்டுகளைப் புரட்டினார். எழுபத்தொரு நாளில் வாடை இல்லை என்று மூக்கண்ணன் அனுப்பிய வண்டிகள் பத்தொன்பது. எல்லோருக்கும் போன் போயிற்று. முதல் வண்டி நாளைக் காலை ஒன்பது மணிக்கு வருகிறது.