நாலு பேரைப் பாஸாக்கிய கை

ஐம்பதுகளில் பெங்களூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில், ஷிஃப்ட் முடிந்ததும் முதலுதவி வகுப்பு நடக்கும். முதல் பரீட்சையில் தேறினால் ஒரு காகிதம். இரண்டாவதில் தேறினால் ஆம்புலன்ஸ் குழுவில் இடம், சட்டைக் கையில் பட்டை. மூன்றாவதில் மெடல். நான் காகிதத்தோடு நின்றுபோனவன். ஆனால் நாங்கள் குடியிருந்த மர்பி டவுன் முழுக்க என் மனைவி, "எங்க வீட்டுக்காரரு ஆம்புலன்ஸ்ல சேந்துட்டாரு" என்று சொல்லி வைத்திருந்தாள். அதைத் திருத்த எனக்கும் மனம் வரவில்லை. இரண்டாவது பரீட்சையை இந்த முறையும் கோட்டை விட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

என் தோல்விக்கு உடம்புதான் காரணம். ஆள் ஒல்லி, தூக்குவது சுலபம் என்று பயிற்சியில் எப்போதும் என்னையே நோயாளியாகப் படுக்க வைப்பார்கள். இதையாவது நன்றாகச் செய்கிறோமே என்ற பெருமையில் நானும் விதவிதமாக முனகுவேன். கட்டுப் போடத்தான் கற்றுக்கொள்ளவில்லை.

பரீட்சைக்கு என்னோடு இன்னும் நாலு பேர். முதலில் அவர்கள் முறை. நோயாளி, வேறு யார், நான்தான். ஸ்ட்ரெச்சரில் என்னைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடக்கும்போது ஒருவனுக்குக் கை நழுவியது. வலது கையை ஊன்றி விழுந்தேன். உள்ளே ஏதோ 'மடக்' என்றது. அலறினேன்.

"அட, நல்லா கத்துறியேப்பா! உள்ள பரீட்சை வைக்கிற டாக்டர் இருக்காரு, இன்னும் கொஞ்சம் கத்து" என்று சொல்லித் திரும்பவும் தூக்கிக்கொண்டார்கள்.

அன்றைய கேள்வி முன்கை எலும்பு முறிவு. என் அதிர்ஷ்டம் அப்படி. நாலு பேரும் அதே கையில் ஒருவர் மாற்றி ஒருவராகப் பலகை வைத்துக் கட்டினார்கள், அவிழ்த்தார்கள். "கையை விடுங்கடா" என்று கெஞ்சினேன். "ஃபர்ஸ்ட் கிளாஸ் ஆக்டிங்!" என்றார் டாக்டர். நாலு பேரும் பாஸ்.

அடுத்தது என் முறை. எழுந்து நின்றேன், கை எழவில்லை. டாக்டர் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது.

"அய்யோ ராமா! இது எப்போ ஆச்சு?"

அவருக்குப் பின்னால் நாலு பேரும் வெளிறி நின்றார்கள். நிஜ முறிவை நடிப்பென்று நினைத்தவர்களுக்குப் பாஸ் ஏது?

"இப்பத்தான் சார். எழுந்திருக்கும்போது ஊனிட்டேன்."

இதைப் பெருந்தன்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியவர்களும் அவர்கள்தான். டாக்டர் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு நாலு பேருக்கும் கையெழுத்துப் போட்டார். கை சேர்ந்த பிறகு அடுத்த வருஷம் வரச் சொன்னார் என்னை.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தேன். பாஸா ஃபெயிலா என்று மனைவி கேட்பாள், தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்று திட்டுவாள். வழியெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கையைப் பார்த்தாள்.

"வலிக்குதாங்க?"

அன்று முழுவதும் அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்தான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அத்தனை வருஷம் பழகிய நடிப்பு அப்போது வரவில்லை. வாசலிலேயே அழுதுவிட்டேன்.