எதிர்வெட்டுக் காத்தாடி

படகு பின்பக்கமாக ஓடி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பேத்தி திருத்தி எழுதுகிறாள்.

மலாயாவில் லிங்கி ஆற்றை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில்தான் எங்களுக்கு வேலை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். காலையில் கேட்டில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான், ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால்வெட்ட வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி கொண்டு போகக்கூடாது. நான் காலி வயிற்றோடு மரம் வெட்டி மயங்கி விழுந்த கதை வேறு இருக்கிறது, அதை விடுங்கள். ஆற்றின் அக்கரை முழுக்கத் தடை. கால் வைத்தாலே ஜெயில். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கொடுத்தான் என்று பிடிபட்டாலோ கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். என் வீட்டுக்காரர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். அந்த ஊரைக் கண்ணால்கூடக் கண்டதில்லை.

அவர்தான் தோட்டத்து மோட்டார் படகை ஓட்டினார். ரப்பர்ப் பாலை ஆற்று வழியாகக் கீழே ஆலைக்குக் கொண்டுபோகும் வேலை. கல்யாணமாகி நான்கு மாதம். படகோட்டி பெண்டாட்டி என்று எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு.

ஒருநாள் தண்ணீருக்கடியில் கிடந்த கட்டையில் மோதி, படகைத் தள்ளும் காத்தாடியில் ஒரு இதழ் உடைந்துபோனது. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி போர்ட்டிக்சன் பட்டணம் போய்ப் பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கி வந்தார். அந்தக் கிராணி வெயிலே இல்லாவிட்டாலும் குடை பிடிப்பார். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது.

கடல் உள்வாங்கி ஆற்றில் தண்ணீர் வற்றிய நேரத்தில் படகைச் சேற்றில் சாய்த்துப் புதியதை மாட்டத் தயாரானார்கள். நான் கோப்பி கொண்டுபோனேன். பழைய காத்தாடியும் புதியதும் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தன. பார்த்ததுமே என் கண்ணுக்கு உறுத்தியது. பால்மரத்தில் நாங்கள் இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறக்கி வெட்டுவோம். பழையதின் இதழ் அதே சாய்வில் இருந்தது. புதியதோ வலது மேலே, இடது கீழே. புரட்டிப் போட்டுப் பார்த்தேன். அப்போதும் அப்படியேதான்.

"மாமா, இது எதிர்வெட்டால்ல இருக்கு?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"பாரு, மரம் வெட்டுறவ மோட்டாருக்கு வைத்தியம் பாக்க வந்துட்டா" என்று அவர் சிரித்தார். "காத்தாடின்னா சுத்தும் புள்ள. எப்படிச் சுத்துனா என்ன?"

கிராணி குடைக்குள்ளிருந்தே சொன்னார்: "அளவு ஒண்ணுதான், நான் கயிறு வச்சுப் பாத்துட்டேன். நீ போயி வாளியக் கழுவு, போ."

தண்ணீர் ஏறியதும் பாலை ஏற்றிவிட்டார்கள். தாமதித்தால் பால் உறைந்துவிடும். ஓட்டிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவர் கயிற்றை அவிழ்த்து, லிவரை முன்னால் தள்ளினார். படகு பின்னால் போனது. வேகத்தைக் கூட்டினார். இன்னும் வேகமாகப் பின்னால் போனது! கரையிலிருந்தவர்கள் ஓவென்று கத்த, படகின் பின்புறம் வளைந்து வளைந்து அக்கரைச் சேற்றில் அடர்ந்திருந்த நிப்பா ஓலைப் புதருக்குள் போய்ச் செருகிக்கொண்டது. இக்கரையில் போலீஸ்காரர்கள் நின்ற காவல் கொட்டகையிலிருந்து ஒரு துப்பாக்கி வெடிச் சத்தம். எங்கள் சிரிப்பெல்லாம் அதோடு நின்றது.

நான் சற்றுத் தள்ளி வாளி கழுவும் துறையில் இருந்தேன். அங்கிருந்து ஓலை இடுக்கு வழியாகத் தெரிந்தது: அவர் சேற்றில் இறங்கி, படகை முட்டுக்கொடுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினார். போலீஸ்காரர்கள் இன்னொரு படகில் போய்ச் சேர்ந்தபோது அவர் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார். அரிசி கொடுக்கப் போனான் என்று விலங்கு மாட்டி ஜீப்பில் ஏற்றினார்கள்.

நான் கிராணியிடம் ஓடினேன். "ஐயா, காத்தாடி எதிர்வெட்டுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கய்யா."

"நான் வாங்குனது நல்ல சாமான். உன் புருசனுக்கு ஓட்டத் தெரியல" என்றார்.

மூன்றாம் நாள் மலாய்க்கார இன்ஸ்பெக்டர் துவான் படகைப் பார்க்க வந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசினார். நான் வழியை மறித்து நின்று, மரத்தில் என் வெட்டையும், பலகையில் கிடந்த பழைய காத்தாடியையும், படகில் மாட்டியிருந்ததையும் காட்டினேன். அவர் படகைக் கயிற்றில் கட்டி, மோட்டாரை எடுக்கச் சொன்னார். லிவர் முன்னால், படகு பின்னால். கயிறு விண்ணென்று இழுத்தது.

"அம்மா, நீங்கதான் இங்க பெரிய ஃபிட்டர்!" என்று அவர் சிரித்தார். சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். கிராணி குடையைத் தாழ்த்திக்கொண்டார். எனக்கு அன்று இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. வாய் ஓயவில்லை.

"பாவம் துவான், அவரு சேத்துல எறங்கி நின்னு எப்படித் தள்ளுனாரு தெரியுமா! முழங்கால் வரைக்கும் சேறு!"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை நிறுத்தினார்.

"அக்கரையில எறங்குனாரா? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்று சொல்லி முடித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அரிசி வழக்கு போய்விட்டது, கப்பலும் இல்லை. தடைசெய்த கரையில் கால் வைத்ததற்கு ஆறு மாதம் கொடுத்தார்கள்.

நான் சிறைக்குப் பார்க்கப் போனபோது அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் பாதியாய் இளைத்து நின்றார். முதலில் கேட்டதே, "காத்தாடிய மாத்திட்டாங்களா?"

"இல்ல மாமா. புது ஆளு லிவரப் பின்னால போட்டே முன்னால ஓட்டுறாரு."

நெற்றியில் அடித்துக்கொண்டார். "அவ்வளவுதானே! அன்னிக்கு அது எனக்குத் தோணலையே புள்ள." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் எறங்குனத எவன்டி பாத்தது? அந்தக் கொட்டாயில நின்னவனாத்தான் இருக்கும், படுபாவி" என்றார்.

நான் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபின் அவர் படகைத் தொடவில்லை. முப்பது வருஷம் என்னோடு இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். கடைசிவரை அந்தக் காவல்காரனைத்தான் திட்டுவார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து, அவரைவிட ஒரு வார்த்தை கூடவே சேர்த்துத் திட்டினேன்.