குரங்குக்காக வைத்த தாழ்ப்பாள்

எங்கள் சித்தூர் வீட்டில் சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. ஹால் பக்கம்தான் உண்டு. வீட்டில் அந்த அறை மட்டும் ஓட்டுக்கூரை. பின்னால் மாந்தோப்பு, தோப்பைத் தாண்டினால் கரடு. கரட்டிலிருந்து இறங்குகிற குரங்குகள் ஓட்டைப் பிரித்துக்கொண்டு உள்ளே குதிக்கும். அவற்றின் ராஜ்ஜியம் சமையலறையோடு நிற்கட்டும், ஹாலுக்கு வந்து டீவியில் கை வைக்க வேண்டாம் என்று, எல்லோரும் வெளியே போகிற நாட்களில் அம்மா அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் போவாள். அதற்கு மேல் அதற்கு ஒரு கதையும் கிடையாது, போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் ஒரு க்ரைம் சீரிஸ்காரர்கள் வீடு கேட்டு வந்தார்கள். தெலுங்கில் எடுத்து, தமிழிலும் பேசவிட்டு, எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜனங்கள் விழுந்து விழுந்து பார்த்த சீரிஸ். இரண்டாவது சீசனுக்குப் பழைய வீடு வேண்டுமாம். “இன்னா கதை?” என்று நைனா, எங்கள் அப்பா, கேட்டதற்கு, “குடும்பக் கதை சார்” என்றார்கள். நைனாவுக்கு அது போதும். படம்பிடித்த நாட்களில் எங்களை எதிர்வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள். நடுவில் உடை பார்க்கிற பெண் ஓடிவந்து, அம்மாவின் அரக்குச் சேலை, பச்சைக் கரை போட்டது, கொடியில் காய்ந்ததை இரவல் வாங்கிக்கொண்டு போனாள். துவைத்துத் தேய்த்துத் திருப்பியும் கொடுத்தாள். கடைசி நாள் எங்கள் வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். “பாத்தியாமே, நம்ம வூட்டுக்கு திருஷ்டி கழிச்சிட்டுப் போறாங்க” என்று நைனா உருகிப்போனார். சாவுக் காட்சி எடுத்து முடித்தால் பூசணிக்காய் உடைப்பார்கள் என்பது அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

அந்தச் சீசனின் முதல் பாகம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, என் தம்பிக்குப் பேசியிருந்த பெண் வீட்டார் நகரியிலிருந்து வீடு பார்க்க வருவதாக இருந்தது. ஜாதகம் பார்த்தாயிற்று, பெண் பார்த்தாயிற்று, இரண்டு பேரும் போனில் பேசிப் பேசி என் தம்பியின் முகமே மாறிவிட்டிருந்தது. பாக்கி இருந்தது கை நனைப்பது ஒன்றுதான். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும் வரை ஒரு வீட்டார் இன்னொரு வீட்டில் சாப்பிட மாட்டார்கள். காபி குடிக்கலாம், அது கணக்கில் வராது. இலை போட்டு உட்கார்ந்து கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். “சாப்பாடு இன்னொரு நாள் பாத்துக்கலாம்” என்று எழுந்துவிட்டால், அந்த இன்னொரு நாள் வராது. தம்பிக்கு முன்னால் வந்த இரண்டு சம்பந்தங்கள் அந்த வாக்கியத்தில்தான் முடிந்திருந்தன. மூன்றாவதும் போனால் இனிமேல் பெண்ணே பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தான்.

நான் திருப்பதியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் அடிக்கிற வேலையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு வேளையில் நாங்கள் நான்கு பெண்கள் ஒரு போனை டிபன் கேரியரில் சாய்த்துவைத்துப் பார்த்தோம். எங்கள் வாசல் வந்ததும் நான் சும்மா இருக்காமல், “இது எங்க வீடு” என்று கத்தினேன். ஹால் வந்தது, நைனாவின் நாற்காலி வந்தது. அரக்குச் சேலையில் ஒரு மாமியார் வந்தாள். மருமகள் சமையலறைக்குள் போனாள். பச்சைக் கரை போட்ட முந்தானையிலிருந்து ஒரு கை நீண்டு, எங்கள் தாழ்ப்பாளை, எங்கள் குரங்குத் தாழ்ப்பாளை, திரை முழுக்கப் பெரிதாகத் தெரிய, மெதுவாகத் தள்ளியது. உள்ளிருந்து அந்தப் பெண் கதவைத் தட்டினாள். அப்புறம் தட்டவில்லை.

“மீ இல்லே கதா அதி?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். உங்கள் வீடுதானே என்று அவள் கேட்ட குரலில் ஒரு நொடி முன்பு இருந்த பொறாமை போய் இரக்கம் வந்திருந்தது. இன்னொருத்திக்கு, சீரிஸில் துப்பறிகிற இன்ஸ்பெக்டரம்மா கடைசி ஐந்து நிமிஷம்தான் வந்தார் என்று வருத்தம். மூன்றாவது ஆள், “அந்தக் கிழவி மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே, இதுக்கு எதுக்கு எட்டு பாகம்?” என்றாள். நான் டிபனை மூடிவிட்டு நைனாவுக்குப் போன் போட்டேன்.

“நைனா, பார்த்தியா?”

“இன்னும் இல்லமே, சாயங்காலமா எல்லாரும் ஒக்காந்து பாக்கலாம்னு இருக்கோம். பொண்ணு வூட்டுக்கும் போன் பண்ணி சொல்லிட்டேன். மொத பாகத்துலயே எங்க வூடு வருது, தப்பாம பாருங்கோன்னு.”

வேலியில் போகிற ஓணானை எடுத்துக் காதில் விட்டுக்கொண்ட கதை. எனக்கு வந்த கோபத்துக்கு அவர் என் அப்பாவாக இல்லாவிட்டால் வேறு வார்த்தை வந்திருக்கும். பெண்ணின் அம்மா ஒற்றை ஆளாக அந்தப் பெண்ணை வளர்த்தவர். வேறு பிள்ளை இல்லை. அவரிடம் போய், உங்கள் பெண் வாழ வரப்போகிற வீட்டில் மருமகளை எப்படிச் சாகடிக்கிறார்கள் என்று தப்பாமல் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை மத்தியானம் ரயில் ஏறினேன். பாகாலாவில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. போனைத் திறந்தால் ஜனங்கள் எழுதியதுதான் கண்ணில் பட்டது. மாமியாரைத் தூக்கில் போட வேண்டும் என்றார்கள். வீட்டைப் பார்த்தாலே சாபம் பிடித்த மாதிரி இருக்கிறது என்றார்கள். இப்படி வெளியில் தாழ்ப்பாள் வைக்கிற வீடும் உலகத்தில் உண்டா என்று ஒருவர் கேட்க, நூறு பேர் அதை ஆமோதித்தார்கள். மூடி வைத்தேன், திறந்தேன், மறுபடி மூடினேன். எதிர் சீட்டுக்காரர் அதே பாகத்தைச் சத்தமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “மாமியார்தாம்மா. வேற யாரு?” என்றார்.

“அது குரங்குக்கு வெச்ச தாப்பாங்க!” என்றேன்.

அவர் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டில் அம்மா ஹாலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் அவளால் இருக்க முடியவில்லையாம். பெண் வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போன் இல்லை. தம்பி அனுப்பிய செய்திகளை அந்தப் பெண் பார்த்திருக்கிறாள், பதில் போடவில்லை. அவன் வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்தபடியே இருந்தான்.

“பால் ஊத்தறவ கேக்கறா, ‘கோடல்ன சம்பேசினாவா அக்கா’ன்னு” என்றாள் அம்மா. மருமகளைக் கொன்றுவிட்டாயா அக்கா என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். “நானும் சிரிச்சேன். உள்ள வந்து கதவ சாத்திக்கினு அழுதேன். இன்னும் மருமவளே வரல, அதுக்குள்ள எனக்கு இந்தப் பேரு.” வெங்காயம் ஒரு வசதி. நாங்கள் இரண்டு பேருமே கண்ணைத் துடைத்துக்கொண்டோம்.

நைனா ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார், தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம் என்று. தம்பி பதறிக்கொண்டு தடுத்தான். “கழட்டினா ஓட்டை தெரியும் நைனா. மொத சீசன்ல இன்ஸ்பெக்டரம்மா செவுத்துல இருந்த ஆணி ஓட்டைய வெச்சித்தான் ஆள புடிச்சாங்க. இன்னும் சந்தேகம்தான் வரும்.” சொந்த வீட்டில் தடயத்தை என்ன செய்வது என்று நாங்கள் மூன்று பேரும் கூடிப் பேசினோம். மடியில் கனமில்லாதவர்களுக்கு வழியில் பயமில்லை என்பதெல்லாம் சும்மா. எங்கள் மடியில் ஒன்றுமில்லை, பயத்தில் ஒருவருக்கும் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருவார்களா என்பதே நிச்சயமில்லாமல் அம்மா சமைத்தாள். வடை, அவியல், பாயசம். ஒவ்வொரு ஆட்டோச் சத்தத்துக்கும் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். கடைசியில் வந்தார்கள். பெண்ணின் அம்மாவும், அவர் தம்பியும். தாய்மாமன் ஹாலுக்குள் நுழைந்ததுமே, “இந்த சேர்தானே? இங்கதானே அவ ஒக்காந்துக்கினு இருந்தா?” என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் சீரிஸின் ரசிகர், அவருக்கு அது கண்காட்சி. பெண்ணின் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. காபியைப் பாதியில் வைத்தார். அம்மா வேறு சேலைதான் கட்டியிருந்தாள். ஆனாலும் அவர் கண் அம்மாவின் முந்தானைக்கே போய்ப் போய் வந்தது.

“சாப்டலாங்களா?” என்று நைனா கேட்டார்.

“மொதல்ல சமையக்கட்ட பாக்கறேன்” என்றார் பெண்ணின் அம்மா.

எல்லோரும் பின்னால் போனோம். அவர் கதவின் முன் நின்று தாழ்ப்பாளைப் பார்த்தார். ஒரு விரலால் தொட்டு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினார். “உள்ள இல்லீங்களா?” என்று கேட்டார். குரங்கு, ஓடு, தோப்பு என்று நைனா தொடங்கி உளறிக் கொட்டினார். உண்மையையே சொன்னார், ஆனால் பொய் சொல்கிறவரைப் போல வேர்த்தார். பெண்ணின் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளிருந்து சொன்னார்:

“போடுங்க. நான் கூப்ட்டா கேக்குதான்னு பாக்கணும்.”

யாரும் நகரவில்லை. அந்தத் தாழ்ப்பாளில் கை வைக்கிற தைரியம் எங்களில் எவருக்கும் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு அவளும் உள்ளே போனாள்.

“நானும் இருக்கறேன். இப்ப போடுமே” என்றாள் என்னிடம்.

போட்டேன். அந்தச் சத்தம் சீரிஸில் கேட்டது போலவேதான் கேட்டது.

பெண்ணின் அம்மாவின் குரல் வந்தது. கூப்பிடவில்லை, பேசினார். “படம்னு தெரியும்ங்க. தெரிஞ்சும் ரெண்டு நாளா தூக்கம் வரல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான்.”

“எனக்கும் வரல” என்றாள் அம்மா. “எம் பொடவைய கட்டிக்கினு அவ செஞ்சத பாத்ததுல இருந்து, எனக்கே என்னப் பாத்தா பயமா கீது. நாளைக்கு உங்க பொண்ணு வந்து, நான் சும்மா இந்தக் கதவாண்ட நின்னாக்கூட பயப்படுவாளேன்னு நெனச்சி நெனச்சி அழுவறேன்.”

மெல்லிய பலகைக் கதவு. ஒரு வார்த்தை தப்பாமல் கேட்டது. தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். உள்ளே யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம், அப்புறம் பாத்திரத்தின் மூடி நகர்கிற சத்தம். அப்புறம் என் அம்மா, “சூடு, பாத்து” என்றாள்.

“தொறங்க” என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள்.

திறந்தேன். பெண்ணின் அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது, விரலெல்லாம் எண்ணெய். எங்களைப் பார்த்ததும்தான் கையில் இருப்பது என்னவென்று அவருக்கே உறைத்தது போலிருந்தது. கையைப் பார்த்தார். கீழே வைக்கவில்லை.

“நல்லா கேக்குது” என்றார். “ஆனா அந்தத் தாப்பாவ மட்டும் உள்பக்கம் மாத்திடுங்க சம்பந்தி.”

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் நைனா ஸ்க்ரூ டிரைவரைத் தேடி ஓடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. இலை போடுவதற்கு முன்பே தாழ்ப்பாள் இடம் மாறிவிட்டது.

சீரிஸில் கடைசியில் கொன்றது மாமியார் இல்லை, வேறு ஆள். அதைத் தெரிந்துகொள்கிற பொறுமை எங்கள் தெருவில் யாருக்கு இருந்தது? அம்மாவை இன்றைக்கும் பால்காரி அப்படித்தான் கிண்டல் செய்கிறாள். பக்கத்தில் நிற்கிற மருமகள்தான் அவளுக்குப் பதில் கொடுக்கிறாள்.

போன மாதம் எல்லோருமாக நகரிக்குப் போய்விட்டு வந்தோம். கதவைத் திறந்தால் ஹால் முழுக்கச் சோளப்பொரியும் வாழைப்பழத் தோலும். டீவி குப்புறக் கிடந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டிக் குரங்கு எங்களை முறைத்தது. நைனா தலையில் கை வைத்துக்கொண்டு, தாழ்ப்பாளைப் பழையபடி மாற்றியே ஆகவேண்டும் என்றார். தம்பியும் சரி என்றான். அவன் மனைவிகூட, “மாத்திடலாம் அத்தை, எனக்கு ஒண்ணும் பயமில்ல” என்றாள்.

அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குனிந்தாள். “கொரங்குதானே, துன்னுட்டுப் போவட்டும்” என்றாள். “தாப்பா உள்ளயே இருக்கட்டும்.”