சித்தியின் காருக்கு எந்த எண்ணெய்?

எங்கள் சித்தி பள்ளி வேன் ஓட்டுபவர். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருஷக்கணக்காக ஆமை வேகத்தில் போய் வந்தவர், திடீரென்று ஒரு நாள் டர்போ இஞ்சின் வைத்த பழைய ரேஸ் காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். டிராக்கில் பொதுமக்களையும் ஓட்ட விடும் நாள் ஒன்று வருகிறதாம். ஒரே ஒரு தடவை ஆசை தீர மிதித்துப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கு என்ன எண்ணெய் ஊற்றுவது என்பதில் வீடே இரண்டுபட்டது. தையல்காரரான சித்தப்பா, "கெட்டியா இருந்தாத்தான் இஞ்சினுக்கு நல்லது" என்று ஒற்றைக் காலில் நின்றார். அவர்கள் மகளோ, தண்ணீர் மாதிரி இருந்தால்தான் வேகம் என்றாள்.

சித்தி காரின் கையேட்டைத் தூக்கிக் காட்டினார். "ஃபுல் சிந்தெடிக், அஞ்சு டபிள்யூ நாப்பது. ஆறிக் கிடக்கிற இஞ்சின்ல சட்டுனு ஓடணும், அதுக்கு அஞ்சு. டர்போ கொதிக்கும்போது நீர்த்துப் போகக் கூடாது, அதுக்கு நாப்பது. செஞ்சவனைவிட உங்களுக்குத் தெரியுமோ?"

அதையே வாங்கி, அளவுக்கம்பியின் மேல்கோடு வரை ஊற்றினார். மீதிக் கேனை அலமாரியில் வைத்தார். அங்கேதான் வந்தது வினை. எங்கள் குடும்பத்தில் பாசம் என்றாலே கேட்காமலே இன்னும் கொஞ்சம் ஊற்றுவதுதான்.

அந்த நாளும் வந்தது; டிராக்கில் வரிசையில் நின்று காரைக் கிளப்பியதும் குபுகுபுவென்று நீலப் புகை. கொடியசைத்துக் கார்களை உள்ளே விடும் கொடிக்காரர் ஓடி வந்தார். "புகை நிக்கலைன்னா உள்ள விட முடியாதும்மா."

சித்தியின் முகம் சுண்டிப்போனது. நான் ஓடிப்போய் பானெட்டைத் தூக்கினேன். கம்பியை உருவினால், எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது!

"யாரு ஊத்தினது?"

"வழியில பத்தாமப் போயிட்டா?" சித்தப்பா தரையைப் பார்த்தார். "கொஞ்சூண்டுதான்."

"ஐயோ அப்பா, நானும்தான்!" என்றாள் மகள்.

திட்டக்கூட நேரமில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, எண்ணெய் இறக்கும் திருகைத் தளர்த்த ஸ்பேனரோடு சித்தி அடியில் நுழைந்தார். பிடிக்கப் பாத்திரம்? சித்தப்பா தன் சாப்பாட்டு டப்பாவை நீட்டினார். அதிலிருந்ததை அவசர அவசரமாக நான்தான் விழுங்கித் தொலைத்தேன். கூடுதல் எண்ணெய் இறங்கியது. மறுபடி கிளப்பியபோது புகை இரண்டு முறை கமறி அடங்கியது.

கொடி அசைந்தது. கார் சீறிக்கொண்டு போனது.

"பறக்குறா! என் பொண்டாட்டி பறக்குறா!" சித்தப்பா குதித்த குதியில் டப்பா எண்ணெய் பாதி என் சட்டையில். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினோம்.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றிய சித்தி சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். "ஏங்க, இன்னொரு ரவுண்டு விடுவாங்களான்னு கேளுங்களேன்!"

"பத்திரமா வந்துட்டியே, இது போதும்..." என்று ஆரம்பித்த சித்தப்பா, சித்தியின் முகத்தைப் பார்த்தார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுக் கொடிக்காரரை நோக்கி ஓட ஆரம்பித்தார்.