விளக்கெண்ணெய் குடித்த பந்தயக் கார்

சூசைமாணிக்கம் பகலில் தூங்குகிறவர் என்று சேலம் அரிசிப்பாளையத்தில் பெயர். அது பாதிதான் உண்மை. அவருடைய பட்டறை ஒரு தகரக் கொட்டகை, ஒரு புளியமரம், எஞ்சின் தூக்க மரத்தின் தாழ்ந்த கிளையில் தொங்கும் இரும்புச் சங்கிலி, அவ்வளவுதான். மதியம் சோறு உண்டதும், எந்த வண்டி நிற்கிறதோ அதன் அடியில் கோணியை விரித்துப் படுத்துவிடுவார். கண் மூடியிருக்கும். சுட்டுவிரல் மட்டும் வயிற்றின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருக்கும். காலையில் கேட்ட எஞ்சினை அவர் தலைக்குள் மறுபடி ஓட்டிப் பார்க்கிறார் என்பது மனைவி தெரசம்மாளுக்கு மட்டும் தெரியும். அவள் மிஷன் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ்.

"எங்க வார்டுல புள்ள பெத்தவகூட மூணாம் நாள் எந்திரிச்சு உக்காந்திருவா. நீங்க எந்திரிக்க மாட்டீங்க" என்பாள்.

"கேட்டுக்கிட்டு இருக்கேன் தெரசு."

"கேளுங்க, கேளுங்க. குறட்டையும் சேத்துக் கேளுங்க."

இளவயதில் ஏற்காட்டுக் காப்பித் தோட்ட முதலாளி ஒருவரிடம் வண்டி துடைக்கப் போனவர், துடைத்துத் துடைத்தே எஞ்சினைக் கற்றார். பிறகு மலையிறங்கி வந்து சொந்தமாகச் சங்கிலி கட்டினார். ராசிபுரத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பஸ் முதலாளிகள் அவரிடம் வந்தது அவர் கை வேகமாக ஓடும் என்பதால் அல்ல. அது ஓடாது. அவர் ஒன்று சொன்னால் சரியாக இருக்கும் என்பதால்தான். அந்தப் பெயரைத் தவிர அவருக்கென்று பெரிதாக வேறொன்றும் இல்லை.

முப்பத்தேழாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஜோடி மாடு பூட்டிய பந்தயக் கார் ஒன்று பட்டறைக்கு வந்து நின்றது. நீண்ட மூக்கு, இரண்டே இருக்கை, தோல் வாரால் இறுக்கிக் கட்டிய முன்மூடி, மிதிவண்டிச் சக்கரம் போல் கம்பி கம்பியாகச் சக்கரங்கள். நிறம் பாலாடை. முன்னால் நுகத்தடி, பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலைப்பாகையோடு பரமத்தி வேலூர் அர்த்தநாரிக் கவுண்டர். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் வைத்திருப்பவர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் போன வருஷம் இந்தக் காரை வாங்கியிருந்தார். வீட்டில் யாருக்கும் அதில் சம்மதமில்லை.

"ரெண்டு நாளுங்க மேஸ்திரி" என்றார் இறங்கியதும். "வேலூர்ல பூட்டுன மாடு. நாமக்கல்ல ஒருத்தன் கேக்கறான், 'ஏனுங்க, இது பெட்ரோல் குடிக்குமா, பருத்திக்கொட்டை திங்குமா'ன்னு."

"என்னாச்சுங்க?"

"எஞ்சின் செத்துப்போச்சாமுங்க. பெரிய பட்டறையில இருந்து ஆள் வந்து பாத்துட்டு, உள்ள பேரிங் எல்லாம் தேஞ்சு போச்சு, தூக்கிக் கடாசுங்கன்னுட்டான். ராசிபுரத்துல ஒரு பஸ் எஞ்சின் பேசியிருக்கறனுங்க. சனிக்கிழமை வண்டியில ஏத்திக்கிட்டு வாரேன். அதுக்குள்ள இதைக் கழட்டிப் போட்டிருங்க, போதும்."

சூசைமாணிக்கம் காரைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். முன்மூடியைத் தடவினார். கார்த்திகையில் கவுண்டர் வந்தபோது அந்த எஞ்சின் பாடியதை அவர் கேட்டிருக்கிறார். அதை எடுத்துவிட்டு பஸ் எஞ்சினை வைப்பதா? குயில் தொண்டையில் தவளையை வைக்கிற வேலை என்று தோன்றியது.

"ஒரே ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுக்கறனுங்க" என்றார்.

எஞ்சின் பிடித்தது. முதல் நிமிஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. சூடு ஏற ஏற மேலே எங்கோ டக்டக்கென்று தட்டத் தொடங்கிற்று. எண்ணெய் அழுத்தம் காட்டும் முள், படியிறங்கும் கிழவன் போல ஒவ்வொரு கோடாக இறங்கிப் பூஜ்யத்தில் உட்கார்ந்தது. அவர் அவசரமாகத் திருப்புளியை எடுத்து ஒவ்வொரு பிளக்கின் பொறியையும் மாற்றி மாற்றி நிறுத்திப் பார்த்தார். பேரிங் தேய்ந்த எஞ்சினில், தேய்ந்த இடத்துக்கு நேரான பிளக்கை நிறுத்தினால் சத்தம் அடங்கும். இங்கே எதை நிறுத்தினாலும் அடங்கவில்லை. இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சின் தலையிலும் மறு முனையைக் காதிலும் வைத்தார். தட்டுவது அடியிலே அல்ல, உச்சியிலே. மேலே இருக்கிற உறுப்புகள் எண்ணெய் இல்லாமல் தாகத்தில் கத்துகின்றன.

உடனே நிறுத்தினார்.

"எண்ணெய் என்னுங்க ஊத்துனீங்க?"

கவுண்டருக்கு முகம் மலர்ந்தது. "நீங்க சொன்னதுதானுங்க! காத்திகையில வந்தப்ப சொன்னீங்களே, சீமையில பந்தயக் கார் எல்லாம் கொட்டமுத்து எண்ணெய்தான், அதானுங்க வெளக்கெண்ணெய், குடிக்குமுன்னு. எங்க ஊட்டுல வேலை செய்யற காளியாத்தா தன் கையால காச்சுனதுங்க. கலப்படமே கெடையாது."

சூசைமாணிக்கத்தின் கையிலிருந்த கம்பி சூடாக இருந்தது. அவர் அதைக் கீழே வைக்க மறந்துவிட்டார்.

கவுண்டர் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனபின், அவர் கோணியை விரித்துக் காருக்கடியில் படுத்தார். மாசி வெயில் தகரத்தின் மேல் அலை அலையாக ஆடியது. புளிய இலை உதிர்ந்துகொண்டிருந்தது. தோட்ட முதலாளி தூக்கியெறிந்த பழைய ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை அவர் வெகுகாலம் வைத்திருந்தார். அதில் புழுதி பறக்கப் போகும் கார்களின் படங்கள். பங்குச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது, சாமியார் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "ஆமணக்கெண்ணெய் ஊற்றுகிறார்களாம் சூசை, வேடிக்கையைப் பார்" என்று வாசித்துவிட்டுப் பூசைக்கு நேரமாயிற்றென்று எழுந்துவிட்டார். அந்த ஒரு வரியிலிருந்து சூசைமாணிக்கம் முழுக் கனவையும் தானே நெய்துகொண்டார். ஏரியோரச் சாலையில் ஆமணக்கெண்ணெய் மணக்க மணக்க ஒரு கார் பறக்கிறது. சக்கரம் தரையில் படவில்லை. எத்தனையோ மதியங்களில் அவர் அதில் போயிருக்கிறார். கார்த்திகையில் கவுண்டர் வந்து கேட்டபோது வாயில் வந்தது அந்தக் கனவுதான். உள்ளே இருக்கிற பழைய எண்ணெயை முழுக்க வடிக்க வேண்டும் என்று சொன்னாரா? இல்லை. சீமை எண்ணெய் வேறு பக்குவம், நம் வீட்டில் கொட்டைமுத்தை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவிட்டு வழிக்கிற எண்ணெய் வேறு என்று யோசித்தாரா? அதுவும் இல்லை.

வியாழக்கிழமை எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றினார். எண்ணெய் வடியவில்லை. அகப்பையால் வழிக்க வேண்டியிருந்தது. கறுப்பு அல்வா. எண்ணெயை மேலே இழுக்கிற குழாயின் வலைச் சல்லடை, பிசின் பூசியதுபோல் மூடிக் கிடந்தது. பேரிங் மூடி ஒன்றைத் திறந்து விளக்கைக் காட்டினார். கீறல் இருந்தது, தேய்வில்லை. தட்டும் சத்தம் கேட்டதும் கவுண்டர் பயந்து வண்டியை நிறுத்திவிட்டதால் பிழைத்தது.

எஞ்சினுக்கு உயிர் இருந்தது. அது அவருக்கு எவ்வளவு சந்தோஷமோ அவ்வளவு பயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய தெரசம்மாள் தொட்டியைப் பார்த்தாள். ஒரு விரலால் தொட்டு மோந்தாள்.

"வெளக்கெண்ணெ. எங்க வார்டு அலமாரியில ஒழுகிக் காஞ்சா இப்படித்தான் பிசுபிசுன்னு ஒட்டும். எந்தப் புத்திசாலி இதைக் காருக்கு ஊத்தச் சொன்னது?"

அவர் அகப்பையைத் துடைக்கத் தொடங்கினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்களா?"

"நான்தான்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. சனிக்கிழமை எஞ்சினைக் கழட்டிக் குடுத்துட்டா யாருக்குமே தெரியாது. சுத்தம் பண்ணி ஓடவிட்டாலும், தூசி அடைச்சுதுன்னு சொல்லிரலாம். நான் சொன்னது தப்பாப்போச்சுன்னு வெளிய தெரிஞ்சா, அப்புறம் எந்த பஸ்காரன் தெரசு இங்க வருவான்?"

"வரமாட்டான்" என்றாள் அவள். ஆறுதல் சொல்கிற பழக்கம் அவளுக்கில்லை. "எங்களுக்குப் படிக்கறப்பவே சொல்லிக் குடுத்தாங்க. மருந்து மாத்திக் குடுத்துட்டா மொதல்ல ஓடிப்போய் டாக்டரம்மாகிட்டச் சொல்லணும். அழுகறதெல்லாம் அப்புறம். அந்த ஆளு ஊருக்குப் போய்த் திருப்பியும் காளியாத்தா எண்ணெயையே ஊத்துனா என்ன பண்ணுவீங்க? மண்ணெண்ணெய் போதுமா, வாங்கிட்டு வரட்டுமா?"

வெள்ளிக்கிழமை முழுவதும் மண்ணெண்ணெய்க் கழுவல். எண்ணெய் ஓடுகிற ஒவ்வொரு துளையிலும் கம்பியில் துணி சுற்றி இழுத்தார். கழுவி, வடித்து, மறுபடி கழுவினார். இடையில் கோணியைத் தொடவே இல்லை. புளியமரத்துச் சங்கிலி அன்று சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை விடிந்ததும் புது எஞ்சின் எண்ணெயை ஊற்றிக் கைப்பிடியைச் சுழற்றினார். இருமிற்று, புகைந்தது, பிடித்தது. முள் எழுந்தது, நின்ற இடத்திலேயே நின்றது. சூடேறியும் இறங்கவில்லை. அந்தச் சத்தத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மழைக்காலத்து இரவில் தூரத்து மடையில் தண்ணீர் விழுகிற மாதிரி, ஒரே சீராக இருந்தது.

கண்ணைத் திறந்தபோது எதிரே அர்த்தநாரிக் கவுண்டர். அவருக்குப் பின்னால் மாட்டு வண்டியில் பஸ் எஞ்சின். அதன்மேல் வண்டிக்காரன் சின்னண்ணன் உட்கார்ந்திருந்தான்.

"அய்யோ சாமி!" என்றார் கவுண்டர். "செத்துப்போச்சுன்னானே அந்தப் பெரிய பட்டறைக்காரன்! ஏறுங்க மேஸ்திரி, ஏறுங்க. ஒரு ஓட்டம் பாத்தர்லாம்."

சின்னண்ணன் எஞ்சின் மேலிருந்தபடியே, "அப்ப நான் இதைத் திரும்பவும் ராசிபுரத்துக்கே இழுக்கோணுமா?" என்று கேட்டான். அதற்குள் இருவரும் ஏறிவிட்டார்கள்.

கார் தெற்கே பறந்தது. ஊர் முடிந்து, சோளத்தட்டுக் காடுகள் முடிந்து, பனமரத்துப்பட்டி ஏரிக்கரைக்கு ஏறியது. தண்ணீரின் மேல் இன்னும் பனி கலையவில்லை. கரையின் பனைமரங்கள் பாதியில் அறுந்து வானத்தில் மிதந்தன. காற்று சூசைமாணிக்கத்தின் சட்டையை ஊதிப் பெருக்கிற்று. இது கோணியில் படுத்துக் கண்ட சாலைதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. சக்கரம் தரையில் படுகிறதா என்று எட்டிப் பார்த்தார். பட்டது.

கரையில் கவுண்டர் நிறுத்தினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னுங்க கோளாறு? சும்மா சொல்லுங்க. ஊர்ல போய்ப் பெருமையாச் சொல்றேன்."

தூசி என்கிற சொல் நாக்கின் நுனிவரை வந்தது.

"கோளாறு நான்தானுங்க" என்றார் சூசைமாணிக்கம். எல்லாவற்றையும் சொன்னார். பத்திரிகை, சாமியார், ஒரு வரி, வடிக்காத பழைய எண்ணெய், அதோடு கலந்து பிசினாய்ப் போன கொட்டைமுத்து எண்ணெய், எல்லாமும். "காளியாத்தா மேல குத்தமில்லீங்க. எண்ணெய் நல்ல எண்ணெய். காருக்கு ஆகாது, அவ்வளவுதான். இனிமே அதை ஊத்திராதீங்க."

கவுண்டர் ஏரிப்பக்கம் திரும்பினார். ஒரு நீர்க்காகம் முழுகியது, வேறொரு இடத்தில் எழுந்தது.

"வயித்தச் சுத்தம் பண்றதுக்குன்னு எங்க ஆத்தா குடுக்கற எண்ணெய், இதுக்கு வயித்த அடைச்சுப்போட்டுதாக்கும்" என்றார். சிரிக்கவில்லை. "ரெண்டு நாளு மாட்டுக்குப் பின்னால வந்தனுங்க மேஸ்திரி. ஆறு ஊர்ச் சனம் பாத்துச் சிரிச்சுது."

"ஆமாங்க."

"எறங்குங்க."

அவர் இறங்கினார்.

"இங்கிருந்து ஊட்டுக்கு நடந்து போங்க. மாட்டு வேகம் எப்படியிருக்கும்னு தெரியட்டும்."

கார் கரையோடு போயிற்று. பனிக்குள் நுழைந்தது, மறைந்தது. சத்தம் மட்டும் இருந்தது. சூசைமாணிக்கம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே கேட்டார். மல்லூர்ப் பக்கம் திரும்புகிறது, மேட்டில் ஏறுகிறது, மூச்சு வாங்கவில்லை. தட்டவில்லை. கேட்கிறதா, கேட்பதாக நினைக்கிறோமா என்று தெரியாத தூரம்வரை அதன் கூடவே போனார். பிறகு வடக்கே திரும்பி நடந்தார்.

வீடு சேர மதியம் தாண்டிவிட்டது.

"சொன்னீங்களா?" என்றாள் தெரசம்மாள்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"நடக்கச் சொன்னாரு."

அவள் அவர் பாதத்தைப் பார்த்துவிட்டு வெந்நீர் வைக்கப் போனாள்.

பங்குனி முழுவதும் ஒரு பஸ்ஸும் வரவில்லை. வேலூர்ச் சந்தையில் கதை நன்றாகவே ஓடியது என்று கேள்வி. அவர் மிதிவண்டிகளுக்கு ஒட்டுப்போட்டார். மதியங்களில் காலிக் கொட்டகையில் படுத்தார், விரல் தட்டவில்லை. தெரசம்மாள் ஆஸ்பத்திரியில் கூடுதலாக ஒரு ஷிப்ட் வேலை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

சித்திரை நடுவில் பாலாடை நிறக் கார் வந்து புளியமரத்தடியில் நின்றது. அர்த்தநாரிக் கவுண்டர் இறங்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"எண்ணெய் மாத்தோணுங்க."

"வேலூர்லயே மாத்திக்கலாமுங்களே" என்றார் சூசைமாணிக்கம்.

"அந்தப் பெரிய பட்டறைக்காரனை நேத்துப் பாத்தேன். 'நீ செத்துதுன்னு சொன்ன எஞ்சின்ல வந்திருக்கறேன்'னு சொன்னேன். 'இருந்தாலும் செத்ததுதானுங்க'ங்கறான். அவனை என்னன்னு வையறது? உங்களைன்னா வஞ்சா உறைக்குதுங்க."

இறங்கி, கோணியின் மேல் தானே உட்கார்ந்துகொண்டார். சூசைமாணிக்கம் அடியில் நுழைந்து திருகாணியைத் திறந்தார். எண்ணெய் கறுப்பாக, மெல்லிய நூலாக, தடையில்லாமல் வடிந்தது. முழுதும் வடியட்டும் என்று கடைசிச் சொட்டுவரை அங்கேயே படுத்திருந்தார்.